உப்பளத்தில் கடைசித் தண்ணீரை ஏன் திறந்து விடுகிறார்கள்?

கெமிஸ்ட்ரி டீச்சர்:
எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம். ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கரைசல்கள் பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. பாதிப் பேர் வீட்டில் யாராவது உப்பள வேலைக்குப் போகிறவர்கள். ஒரு பையன் கேட்டான்: “மிஸ், உப்பு வாரினதும் பாத்தியில் மிச்சமிருக்கிற தண்ணியைத் திறந்து விட்டுடறாங்களே, அதையும் காய விட்டா இன்னும் உப்பு கிடைக்கும்ல?” அந்தத் தண்ணீர் எவ்வளவு வெயில் அடித்தாலும் சீக்கிரம் வற்றாது என்று அவன் அம்மா வேறு சொல்லியிருக்கிறார். கொதிநிலை ஏற்றம் (உப்பு கரைந்த தண்ணீர் வெறும் தண்ணீரைவிட அதிகச் சூட்டில் கொதிப்பது) என்று சொல்லிச் சமாளிக்க மனசு வரவில்லை. யாராவது விளக்குங்களேன்.

மதுரைக்காரன்:
அதில் மெக்னீசியம் இருக்கும், கசக்கும். அதான் திறந்து விடுகிறார்கள்.

டிகிரி அண்ணாச்சி:
கசப்பு சரிதான் தம்பி, ஆனால் டீச்சர் கேட்டது அதற்கும் மேலே.

உப்பளத்தில் டிகிரி பார்ப்பதுதான், அதாவது தண்ணீரின் அடர்த்தியை அளப்பதுதான் எனக்குப் பல வருஷம் வேலை. உயரமான குழலில் தண்ணீரை மொண்டு, பாமே மானியை (அடர்த்தியைப் பாமே டிகிரியில் காட்டும் மிதவை) மிதக்க விட்டு, குனிந்து கண் மட்டத்தில் படிக்க வேண்டும். மானியில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் அது மேலே எழும்பி டிகிரியைக் கூட்டிக் காட்டும். அதனால் லேசாகச் சுழற்றி விட்டுத்தான் பார்ப்போம்.

கடல் தண்ணீர் 3, 3.5 பாமே டிகிரி இருக்கும். வெயிலில் வற்ற வற்ற, முதலில் கால்சியம் கார்பனேட் படியும். 13 டிகிரி வாக்கில் ஜிப்சம் தொடங்கும். சாதாரணத் தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் சொச்சம்தான் ஜிப்சம் கரையும் என்பதால் அது முந்திக்கொள்கிறது, தண்ணீரை வற்ற விடும் தெப்பத்துத் தரையில் பொருக்காகப் பிடிக்கும். நாம் சாப்பிடுகிற உப்பு 25 டிகிரி தாண்டின பிறகுதான் விழும். அதற்குள் தண்ணீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் விழ விட்டு, தெளிந்ததை மட்டும் அடுத்த பாத்திக்குத் திருப்புவதில்தான் உப்பளத்துச் சூட்சுமமே இருக்கிறது. கற்கண்டு மாதிரி ஆற வைத்து இந்த உப்பை எடுக்க முடியாது. 100 கிராம் தண்ணீரில் 0 டிகிரி செல்சியஸில் 35.7 கிராம் கரையும், 100 டிகிரியில் 39 கிராம். வித்தியாசமே இல்லை பாருங்கள். தண்ணீரை விரட்டினால்தான் உப்பு.

பாமே மானியில் 29, 30 டிகிரி ஆகும்போது உப்பில் பெரும்பகுதி விழுந்திருக்கும். மிச்சத்தில் மெக்னீசியம் குளோரைடும் மெக்னீசியம் சல்பேட்டும் ஏறிக்கிடக்கும். இதற்கு மேல் காய விட்டால் அவையும் உப்போடு சேர்ந்து படியும். அந்த உப்பு கசக்கும், அம்பாரத்தில் கிடந்தாலும் நசநசவென்றே இருக்கும். விலை போகாது.

இனி வற்றாத விஷயம். மெக்னீசியம் அயனி சிறியது, மின்சுமை இரண்டு. தன்னைச் சுற்றி ஆறு தண்ணீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சோடியத்துக்கு அந்தப் பிடி கிடையாது. அதனால் கரைசலின் ஆவி அழுத்தம், அதாவது தண்ணீர் ஆவியாகத் தப்பிக்கும் போக்கு, நன்றாகக் குறைந்துவிடும். 25 டிகிரி செல்சியஸில் தெவிட்டிய (இனிமேல் கரையாத அளவு கரைத்த) சோடியம் குளோரைடு கரைசல் 75 சதவீத ஈரப்பதமுள்ள காற்றோடு சமநிலையில் இருக்கும், காற்றில் ஈரம் அதைவிடக் குறைந்தால்தான் வற்றும். தெவிட்டிய மெக்னீசியம் குளோரைடுக்கு அதே கணக்கு வெறும் 33 சதவீதம். கடலோரக் காற்று 33-க்கு இறங்குவது எப்போது? திறந்து விடுகிற தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். டீச்சர் சொன்ன கொதிநிலை ஏற்றமும் இதே ஆவி அழுத்தக் குறைவால் வருவதுதான், தப்பில்லை.

கெமிஸ்ட்ரி டீச்சர்:
அருமை அண்ணாச்சி. ஒரு சந்தேகம். நம்ம ஊர்க் காற்றில் ஈரப்பதம் 75-ஐத் தாண்டுகிற நேரம் நிறைய உண்டே. அப்போது சாதா உப்பே விழக் கூடாதல்லவா?

டிகிரி அண்ணாச்சி:
நல்ல கேள்வி. 75 என்பது தண்ணீரும் காற்றும் ஒரே சூட்டில் இருந்தால். பகலில் பாத்தித் தண்ணீர் வெயிலை உறிஞ்சிக் காற்றைவிடச் சூடாகிவிடும், ஆவி அழுத்தம் கூடும். மத்தியானம் காற்றின் ஈரப்பதமும் இறங்கும். அதனால் வற்றுகிறது. ராத்திரி வற்றுவது நின்றே போகும், சில நாள் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கவும் செய்யும். பகலில் போகிறது ராத்திரி வருவதைவிட அதிகம், அதுதான் நமக்குப் பிழைப்பு. மழை மாதங்களில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும், அப்புறம் வேலை ஏது?

மதுரைக்காரன்:
அப்போ அந்தக் கசப்புத் தண்ணீர் சுத்த வேஸ்ட்டா அண்ணாச்சி?

டிகிரி அண்ணாச்சி:
யார் சொன்னது? புரோமின், மெக்னீசியம் சேர்மங்கள் எல்லாம் அதிலிருந்து எடுக்கிறார்கள். சின்ன உப்பளத்துக்காரருக்கு அந்த வசதி இல்லை, அவ்வளவுதான்.

டீச்சர், வகுப்பில் காட்ட ஒரு வழி. பையனை ஒரு பாட்டில் கசப்புத் தண்ணீர் கொண்டு வரச் சொல்லுங்கள். ஒரு தட்டில் அது, இன்னொன்றில் நன்றாகக் கரைத்த சமையல் உப்புத் தண்ணீர், இரண்டும் மெல்லிசாக ஊற்றி மாடியில் வையுங்கள். உப்புத் தட்டு காய்ந்து வெள்ளையாகிவிடும். மற்றதில் கொஞ்சம் உப்பு படியும், ஆனால் ஈரம் போகாது. பொது அயனி விளைவை (கரைசலில் உள்ள அதே அயனியை வேறொன்றிலிருந்து சேர்த்தால் உப்பின் கரைதிறன் குறைவது) காட்ட வேண்டுமானால், தெவிட்டிய உப்புக் கரைசலில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குளோரைடு கூடினதுமே உப்பு வெள்ளையாக விழும். அமிலப் புகை வரும், அதனால் அதை நீங்களே செய்யுங்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.