சிட்னி வேலையைத் திருகோணமலையில் இருந்து செய்தால் ஊருக்கு லாபமா?

கணக்குப்பிள்ளை:
டவுனில் சின்னதாக ஒரு கணக்கு ஒபிஸ் வைத்திருக்கிறேன். மூன்று வருடம் பக்கத்தில் இருத்திப் பழக்கிய இரண்டு பிள்ளைகள் விலகிவிட்டார்கள். இப்போது வீட்டில் இருந்தே அவுஸ்திரேலியக் கொம்பனிகளுக்குக் கணக்கு எழுதுகிறார்கள். அந்தச் சம்பளத்தை நான் கொடுப்பதென்றால் உப்புவெளியில் எட்டு அறையோடு விடுதி நடத்தும் என் வாடிக்கையாளரிடம்தான் கட்டணத்தைக் கூட்டிக் கேட்க வேண்டும். அவர் எங்கே போவார்? டொலர் வருகிறது, சரி. ஊர்க் கடைக்குக் கணக்கு எழுத ஆள் இல்லை.

உவர்மலை:
அண்ணா, நானும் அப்படி ஒரு ஒபிசை விட்டு வந்தவள்தான். 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 க்கு ஏறியபோது என் சம்பளம் அசையவில்லை, பால்மா விலை ஏறிக்கொண்டே போனது. முன்பென்றால் கொழும்புக்குப் போய் வெள்ளவத்தையில் அறை எடுத்திருப்பேன். இப்போது விடிய மூன்றரைக்கு, அம்மா எழும்பிவிடக் கூடாதென்று லைட் போடாமல் லப்டொப்பைத் திறக்கிறேன். சிட்னியில் அப்போது காலை ஒன்பது. மத்தியானத்தோடு வேலை முடியும். மீன், மருந்து எல்லாம் இந்த ஊர்க் கடையில்தான் வாங்குகிறேன்.

சீனக்குடா:
கொழும்புக்குப் போனவர்களையும் ஊர் இழந்ததுதானே? அப்போது யாரும் கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
கேட்காதது பிழைதான். ஆனால் இதில் போட்டியே சமமில்லை. 2025 ஏப்ரலில் இருந்து வங்கி வழியாக வரும் இந்த வருமானத்துக்கு வரி அதிகபட்சம் 15%தான். இங்கே உழைத்தால் 36% வரை போகும். அதோடு நான் ஒவ்வொருவருக்கும் ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) 12%, ஈ.டி.எப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3% கட்டுகிறேன். சிட்னிக்காரர் உங்களை ஊழியர் என்றே எழுதுவதில்லை, ஒப்பந்தக்காரர் என்கிறார். உங்களை மலிவாக எடுக்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். நாளைக்கு மணிலாவில் இன்னும் மலிவாக ஒருவர் கிடைத்தால்? எத்தனை நாள் நோட்டீஸ் என்று பார்த்தீர்களா?

உவர்மலை:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 7 நாள். மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அண்ணா, என் பழைய முதலாளி என்னிடம் 8% வெட்டிக்கொண்டு பத்து மாதம் ஈ.பி.எப் கட்டவே இல்லை. சட்டம் இருந்தும் நான் அலைந்ததுதான் மிச்சம். இந்த மாதம் முதல் அந்த 12 உம் 8 உம் சேர்த்து 20% ஐ நானே தனிக் கணக்கில் போடுகிறேன்.

கணக்குப்பிள்ளை:
ஈ.டி.எப்பை விட்டுவிட்டீர்கள் தங்கச்சி. 23 ஆகப் போடுங்கள். என் ஒபிசில் இரண்டு மேசையும் இன்னும் காலிதான்.