தென்கடல்ல அப்பாவ தேடி வந்த ஹெலிகாப்டர் - உச்சிப்புளி அனுபவம்

நேவி பேஸ் பக்கத்துல வளர்ந்தவங்க அனுபவத்த எழுதுங்கன்னு கேட்டிருந்தீங்க, ரொம்ப நாளா மனசுல கிடந்தது, எழுதிடுறேன்.

எங்க ஊரு ராமநாதபுரம் மாவட்டத்துல, உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவுல. வடக்க பாக் விரிகுடா, தெக்க மன்னார் வளைகுடா, ஆனா எங்க ஆளுங்க வாயில அது வடகடல், தென்கடல், அவ்ளோதான். உச்சிப்புளியில நேவி ரன்வே முன்னாடியே இருந்துச்சு, 2009ல ஐஎன்எஸ் பருந்துன்னு பேர் வச்சாங்க. நல்ல தமிழ் பேருன்னு எங்க தமிழ் சார் கிளாஸ்ல ரெண்டு தடவ சொன்னாரு. இலங்கையில சண்டை நடந்தப்ப ஹெலிகாப்டர் சத்தம் கேட்டாலே அப்பத்தா எங்கள வீட்டுக்குள்ள இழுத்துக்கும், அந்த பயம் அதுக்கு கடைசி வரைக்கும் போகல.

நான் பத்தாவது படிக்கிறப்போ, மார்கழி மாசம். வடக்க இருந்து வாடைக்காத்து அடிச்சா வடகடல் கொந்தளிக்கும், நாட்டுப்படகெல்லாம் தென்கடலுக்கு மாறிடும். அப்பாவும் சித்தப்பாவும் இன்னொரு மாமாவும் வள்ளத்துல போனாங்க, முயல்தீவ தாண்டி ரொம்ப தூரத்துல இஞ்சின் நின்னு போச்சு. தென்கடல்ல வாடைக்காத்து கரைக்கு கொண்டு வராது, வெளிய தான் தள்ளும். நங்கூரம் போட்டா கயிறு தரைக்கு எட்டல, போன்ல டவர் இல்ல. இருந்த ஒரு கேன் தண்ணிய மூடியில அளந்து ஆளுக்கு ஒரு மூடின்னு ராத்திரி முழுக்க குடிச்சிருக்காங்க.

இங்க கரையில யாரும் தூங்கல. ஊர் பெரியவங்க மீன்துறை ஆபீசுக்கும் கோஸ்ட் கார்டுக்கும் சொல்லிட்டாங்க, ரெண்டு வள்ளம் தேடி கிளம்பிருச்சு. விடிஞ்சு கொஞ்ச நேரத்துல தலைக்கு மேல ஹெலிகாப்டர் தெக்க போச்சு, அன்னைக்கு தான் அப்பத்தா வீட்டுக்குள்ள ஓடாம மணல்ல நின்னு கைய எடுத்து கும்பிட்டுச்சு. அப்பா மஞ்சள் ஆயில் கேன துடுப்புல கட்டி ஆட்டுனாராம், ஹெலிகாப்டர் இவ்ளோ தாழ வந்து சுத்துச்சாம், காத்துல தண்ணி தெறிச்சு கண்ணு திறக்க முடியலையாம், கதவுகிட்ட உக்காந்திருந்தவரு இருங்கன்னு கைய காட்டுனாராம். அப்புறம் நம்ம வள்ளங்களுக்கு மேல பறந்து வழி காட்டியிருக்கு. சாயங்காலம் கட்டி இழுத்துட்டு வந்து சேந்தாங்க, அப்பாவுக்கு உதடெல்லாம் வெடிச்சு பேச முடியல.

கடலுக்கு போற வீட்டுக்காரங்க தயவுசெஞ்சு கோஸ்ட் கார்டு நம்பர் 1554, கடலோர போலீஸ் 1093, ரெண்டையும் மனப்பாடம் பண்ணி வச்சுக்கோங்க. படகு வர லேட்டானா இன்னும் கொஞ்சம் பாப்போம்னு உக்காராதீங்க, அந்த நேரத்துல காத்து எவ்ளோ தூரம் தள்ளிடும்னு நாங்க பாத்துட்டோம்.

அம்மா அப்போ நேவி ஆளுங்க குடியிருந்த வீடுகளுக்கு கூடையில மீன் கொண்டு போய் வித்துட்டு இருந்தாங்க. ஒரு பெங்காலி அக்கா தலையோட மீன் கேக்கும், ஒரு கேரளா அண்ணன் மத்தி மட்டும் வாங்குவாரு. அப்பா வந்த மறுவாரம் அம்மா போனப்போ, அன்னைக்கு பறந்தவரு எந்த வீடுன்னு தெரியல, கேட்டாலும் யாரும் சொல்லல. அதனால எல்லா வீட்டுக்கும் ஒரு சீலா மீன் துண்டு சேத்து போட்டுட்டு வந்தாங்க.