மலிவு கிட்டாரில் பிக்கப் மாற்றியவர்கள்: உங்களுக்கு என்ன ஆனது?

ஈயப்பற்று (சென்னை)

இதை யாரிடமாவது சொன்னால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது. என்னுடையது ஸ்குயர் அஃபினிட்டி ஸ்டிராட் (ஃபெண்டர் கம்பெனியின் மலிவு எலக்ட்ரிக் கிட்டார்), செகண்ட் ஹேண்டில் 11,000க்கு வாங்கியது. அதற்குள் போட்டதோ 16,000. அல்னிகோ 5 என்ற காந்தக் கலவையில் செய்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காயில்) மூன்று, 250கே (கிலோ ஓம்) பாட், அதாவது வால்யூம், டோன் திருகும் பாகம், மூன்று, புது சுவிட்ச், புது ஜாக். பழைய பிக்கப் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: ஆறு இரும்புக் குச்சி, அடியில் ஒட்டிய செராமிக் காந்தப் பட்டை.

மூன்று ராத்திரி வேலை. எல்லாவற்றையும் மூடி ஆம்ப்பில் சொருகினால் முன்பைவிட இரைச்சல் அதிகம். சிங்கிள் காயில் (ஒரே கம்பிச் சுருள் உள்ள பிக்கப்) என்றால் இரையத்தான் செய்யும், சரி. ஆனால் கம்பியில் கை வைத்தால் குறைய வேண்டும் இல்லையா? குறையவில்லை. ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் சட்டென்று அடங்கியது. அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியாமல் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "பிக்கப் டூப்ளிகேட் சார், மாத்திடுங்க" என்று சொல்லி 800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து பின்பக்க மூடியைக் கழற்றினேன். ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் கிளா என்ற உலோகத் தகட்டுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு எர்த் ஒயர், முனையில் ஈயக் கட்டியோடு தனியாகக் கிடந்தது. பிக்கார்டை (முன்பக்கப் பிளாஸ்டிக் தட்டு) தூக்கும்போது நான்தான் இழுத்துப் பிய்த்திருக்கிறேன். நான் கம்பி மேல் கை வைத்திருக்க, தங்கை அந்த ஒயரை நகத்தால் கிளாவோடு அழுத்திப் பிடித்தாள். இரைச்சல் நின்றது. விட்டாள், வந்தது. மறுபடி பிடித்தாள், நின்றது. "இதுக்கா மூணு நாளா சாப்பாட்டை மாடிக்குக் கொண்டு வரச் சொன்ன?" என்றாள்.

என் 25 வாட் சால்டரிங் அயனுக்கு அந்தக் கிளா சூடேறவே இல்லை என்பது தனிக் கதை. டிவி மெக்கானிக்கிடம் 60 வாட் அயன் இரவல் வாங்கித்தான் பற்ற வைத்தேன். அந்த 800 ரூபாய் மட்டும் இன்னும் உறுத்துகிறது.

உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

மேடைக்காரன் (நாகர்கோவில்)

எனக்கு இன்னும் காதில் கேட்பது ஒரு 'டிக்'.

லாக்கிங் டியூனர் வாங்கினேன், கம்பியைக் கவ்விப் பிடிக்கும் சுருதித் திருகு. கிட்டார் தலையில் இருந்த ஓட்டை எட்டரை மில்லிமீட்டர், புது டியூனருக்கு வேண்டியது பத்து. வாங்கும் முன் அளந்து பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மாமா ஆசாரி வேலை செய்கிறவர், "ஒன்றரை மில்லிதானே, குடு மக்களே" என்று டிரில்லில் பத்து மில்லி பிட்டை மாட்டினார். முதல் இரண்டு ஓட்டை வெண்ணெய் மாதிரி போயிற்று. மூன்றாவதில் பிட் மரத்தைக் கவ்விக்கொண்டது. டிக். நடு ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டை வரை தலைமுடி கனத்தில் ஒரு கோடு. மாமா டிரில்லைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் ஒரு பீடி பற்ற வைத்தார். ஒன்றும் பேசவில்லை.

ஃபெவிகால் விட்டுக் கிளாம்ப் போட்டு, ஒரு ராத்திரி வைத்து, மிச்ச மூன்றையும் நானே உருண்டை அரத்தால் கையால் ராவினேன். இரண்டு வருஷமாக ஓடுகிறது. சுருதியும் நிற்கிறது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஈயப்பற்று தம்பி 16,000த்தைப் பிக்கப்பில் கொட்டியது எதற்கு? ஞாயிறு சர்ச், மற்ற நாள் மெல்லிசைக் கச்சேரி, இதுதான் என் பிழைப்பு. அம்மன் கோவில் கொடையில் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று வாசிக்கிறவனுக்கு அல்னிகோவாவது செராமிக்காவது! சுருதி விலகினால்தான் கூட்டம் திரும்பிப் பார்க்கும்.

மூத்த கம்பி (கோவை)

என் அனுபவம் சின்னது. 90களில் ஒரு நண்பருடைய கிட்டாருக்குப் பிக்கப் மாற்றிக் கொடுத்தேன், அவர் வாசிப்பதையே விட்டுவிட்டார். அது கிடக்கட்டும்.

மேடைக்காரன் சொல்வது பாதிதான் சரி. சுருதி விலகுவதற்குப் பத்துக்கு எட்டு தடவை காரணம் டியூனர் இல்லை, நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளக் கட்டை). மலிவு கிட்டாரின் பிளாஸ்டிக் நட்டில் பள்ளம் ஒழுங்காக வெட்டியிருக்காது; கம்பி அதில் சிக்கிக்கொள்ளும். டியூனரைத் திருகும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வந்து சுருதி குதிக்கிறதா? நட்தான். பென்சில் முனையைப் பள்ளத்தில் தேயுங்கள், ஐந்து ரூபாய்ச் செலவு. அதற்கப்புறம் எலும்பு நட். அதற்கும் அப்புறம்தான் டியூனர்.

பிக்கப் மாற்றுகிறவர்கள் யாருமே உயரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. செராமிக் பிக்கப்பில் காந்தம் அடியில் இருக்கும், குச்சி வெறும் இரும்பு. அல்னிகோவில் குச்சியேதான் காந்தம். பழைய உயரத்திலேயே புதியதை வைத்தால் கம்பியைப் பிடித்து இழுக்கும், பெரிய ஈ கம்பியில் மேல் ஃபிரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) ஒரே சுரம் இரண்டாகப் பிரிந்து அலையும். இன்டொனேஷன் (கழுத்து முழுக்கச் சுருதி ஒத்து நிற்பது) கெட்டுவிட்டது என்று பாலத்தை, அதாவது உடம்புப் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பாகத்தை, திருகித் திருகிச் செத்துப்போவீர்கள். கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, பிக்கப்புக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் தடித்த கம்பிப் பக்கம் இரண்டு மில்லி, மெல்லிய பக்கம் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். அங்கிருந்து ஆரம்பித்துக் காதை நம்புங்கள்.

சிங்கிள் காயிலுக்கு 250கே பாட், ஹம்பக்கருக்கு (இரட்டைக் காயில் பிக்கப்) 500கே. ஹம்பக்கருக்கு 250 போட்டுவிட்டு 'மந்தமாக இருக்கிறது' என்று பிக்கப்பைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாலம் மாற்றப் போகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் நடுவே உள்ள அகலத்தை அளக்காமல் ஆர்டர் போடாதீர்கள். பழைய ஃபெண்டர் கணக்கு 56 மி.மீ. சொச்சம். மலிவு ஸ்டிராட்டுகளில் பெரும்பாலும் 52.5. திருகு ஓட்டை பொருந்தாது, பொருந்த வைத்தாலும் கம்பி ஃபிரெட்டின் ஓரத்தில் வழுக்கி விழும். பாலத்துக்கு அடியில் உடம்புக்குள் இறங்கும் பிளாக்கின் ஆழத்தையும் பாருங்கள். உடம்பு மெலிந்த கிட்டாரில் முழு நீளப் பிளாக் போட்டால் முதுகுப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும், மூடி போட முடியாது. எத்தனை தடவை எழுதினாலும் யாரும் அளப்பதில்லை.

மெழுகுப்பையன் (திருச்சி)

என்னுடைய பிக்கப் வீல் வீல் என்று கத்தும். ஆம்ப்பில் கெயின் ஏற்றினால் போதும், நாய்க்குட்டியை மிதித்த மாதிரி. காயிலில் சுற்று தளர்ந்திருந்தால் அதுவே மைக் மாதிரி ஆகிவிடும் என்று படித்தேன். ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் தன் கிட்டாரில் போட்ட கிப்ஸன் பிக்கப்பை மெழுகில் முக்கி எடுத்தார் என்றும் படித்தேன். அவர் முக்கினால் நானும் முக்குவேன்.

அம்மா ஊருக்குப் போயிருந்தாள். இட்லிப் பானையில் தண்ணீரை மிதமாகச் சூடாக்கி, உள்ளே ஒரு தகர டப்பாவை இறக்கி, பெட்டிக்கடை மெழுகுவத்தி இரண்டு பாக்கெட்டை உருக்கினேன். பிக்கப்பை நூலில் கட்டி இறக்கினேன். காயிலுக்குள் இருந்து சின்னச் சின்னக் குமிழ்கள் வரிசையாகக் கிளம்பி வந்தன பாருங்கள், அப்படி ஒரு அழகு. இருபது நிமிஷத்தில் குமிழ் நின்றது. எடுத்துத் துடைத்து மாட்டினேன், கத்தல் போயே போச்சு.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது பிக்கப்புக்குப் பொறுமை இல்லாமல் டப்பாவை நேராக அடுப்பில் வைத்தேன். மெழுகு 65 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று எல்லோரும் தலைதலையாய் அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டே நிமிஷம், பாபின் (காயில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. மெழுகு தீப்பிடிக்காமல் விட்டது என் அதிர்ஷ்டம்.

அம்மா வந்த மறுநாள் இட்லியில் மெழுகுவத்தி வாசனை. அப்பா ஒரு இட்லியை மோந்து பார்த்துவிட்டு, "கரண்டு போயிருந்துச்சா?" என்று கேட்டார்.

சிவப்பா கறுப்பா (பெங்களூரு)

மூத்த கம்பி அண்ணே, அளப்பது இருக்கட்டும், ஒயர் கலரையும் சேருங்கள்.

டிமார்ஸியோ ஹம்பக்கர் வாங்கினேன். என் கையில் இருந்ததோ செய்மோர் டங்கன் என்ற வேறு கம்பெனியின் ஒயரிங் வரைபடம். நாலு கலர் ஒயர் இங்கேயும், நாலு கலர் ஒயர் அங்கேயும். கண்ணை மூடிக்கொண்டு பற்ற வைத்தேன். டங்கனில் கறுப்புதான் சிக்னல், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேரும். டிமார்ஸியோவில் சிவப்பு சிக்னல், கறுப்பும் வெள்ளையும் சேரும். பச்சை மட்டும் இரண்டிலும் எர்த். ஆக, என் ஹம்பக்கரில் ஒரு காயில் தலைகீழாக நின்றது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? பழைய டெலிபோன் ரிசீவரைத் தலையணைக்கு அடியில் வைத்த மாதிரி. மூக்கடைத்த கிட்டார். கொடுமை என்னவென்றால், நண்பர்கள் முன்னால் வாசித்துக் காட்டி "விண்டேஜ் டோன்டா" என்று சொல்லிவிட்டேன். ஒருத்தன் தலையாட்டவும் செய்தான். இரண்டு மாதம் விண்டேஜ் டோனோடு வாழ்ந்தேன். ஹம்பக்கர் ஏன் இரைகிறது என்று ஒருநாள் யோசித்தபோதுதான் உறைத்தது. இரண்டு காயிலும் ஒன்றின் இரைச்சலை ஒன்று தின்ன வேண்டும் என்பதற்குத்தானே அந்தப் பெயரே.

தலையாட்டியவனிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆறாம் கம்பி (சிங்கப்பூர்)

எனக்கு உறுத்துவது விற்ற நாள்தான்.

ஐந்து வருஷத்தில் ஒன்று ஒன்றாக மாற்றினேன். பிக்கப், டியூனர், பாலம், எலும்பு நட், கடைசியில் பிக்கார்டுகூட. வீடு மாறும்போது விற்கலாம் என்று விளம்பரம் போட்டேன், எல்லாப் பாகத்தின் பெயரையும் விலையையும் எழுதி. பெனின்சுலா பிளாசா வாசலில் சந்தித்தோம். பதினேழு பதினெட்டு வயதுப் பையன். ரொம்ப மரியாதையாகப் பேசினான். கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒரிஜினல் பார்ட்ஸ் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். எல்லாவற்றையும் எப்போதோ குப்பையில் போட்டிருந்தேன். "அப்ப விலை கொஞ்சம் குறைச்சுக்கலாமா?"

மாற்றாத கிட்டாருக்குக் கிடைக்கும் விலையைவிட 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) குறைவாகக் கொடுத்தேன். நல்ல பாகங்களைக் கழற்றி வைத்துக்கொண்டு பழசைப் போட்டு விற்றிருந்தால் இரண்டு பக்கமும் லாபம். பழைய பிக்கப்பைத் தூக்கிப் போடாதீர்கள், ஒரு பிஸ்கட் டின் போதும்.

மேடைக்காரன் (நாகர்கோவில்)

மூத்த கம்பி அண்ணாச்சி, பென்சில் தேய்ப்பது எனக்குப் பிறக்கும்போதே தெரியும். நான் சொன்னது டியூனர் பல்லே தேய்ந்து ஆடிய கிட்டார். முழுசாகப் படித்துவிட்டுப் பதில் போடவும்.

மூத்த கம்பி (கோவை)

பல் தேய்ந்தது என்று உங்கள் பதிவில் எங்கே இருக்கிறது? இரண்டு தடவை படித்தேன். பத்து மில்லி பிட்டைக் கொடுத்து மாமாவைப் பீடி பிடிக்க வைத்தது மட்டும்தான் இருக்கிறது. அந்த வேலைக்கு டிரில்லே கூடாது, ரீமர் (ஓட்டையைச் சுரண்டி அகலமாக்கும் கருவி) வேண்டும். இல்லையென்றால் முதலிலேயே அரம்.

ஈயப்பற்று (சென்னை)

அண்ணன்மாரே, சண்டை வேண்டாம். நான் கேட்டது கதை, கிடைத்தது பாடத்திட்டம்.

தங்கையின் கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். எர்த் சரியான பிறகு, பழைய பிக்கப்போடு போனில் பதிவு செய்திருந்ததையும் புதியதையும் அவளுக்கு மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். எது நல்லாயிருக்கு என்று கேட்டேன். "ரெண்டாவதுல நீ தப்பு கம்மியா வாசிச்சிருக்க" என்றாள். இரண்டாவது பழைய பிக்கப்.

மூத்த கம்பி அண்ணே, உங்கள் பதிவைப் பாதியில் நிறுத்திவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்போதுதான் முழுசாகப் படித்தேன். போன வாரமே புதுப் பாலம் வந்து பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. எடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். அது 56. கிட்டாரில் இருப்பது 52.5.

யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள். பெட்டி பிரித்ததுதான், திருகுகள் கவரிலேயே இருக்கின்றன.