‘கண் பயிற்சி’ எடுத்தால் பந்து பெரிதாகத் தெரியுமா?

கேள்விக்குறி:
மகளுக்கு 13 வயது. மூன்று வருடமாக கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறாள். போன வாரம் பயிற்சி மையத்தில் பெற்றோரையெல்லாம் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். எட்டு வாரம் ‘ஸ்போர்ட்ஸ் விஷன்’ பயிற்சியாம். சுவரில் எரிகிற விளக்கை ஓடி ஓடித் தொடுவது, விட்டுவிட்டு இருட்டாகும் ஸ்ட்ரோப் கண்ணாடி போட்டுக்கொண்டு பந்து பிடிப்பது, டேப்லெட்டில் புள்ளிகளைத் துரத்துவது, இப்படி. “விளையாட்டில் 80 சதவீதம் கண்தான்” என்று திரையில் கொட்டை எழுத்தில் போட்டார்கள். கட்டணமும் கொஞ்சநஞ்சமில்லை. இதற்கு ஆதாரம் ஏதும் உண்டா, இல்லை நம் தலையில் மிளகாய் அரைக்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரெட்டினா:
கண் பரிசோதனைதான் என் தொழில். அதனால் இந்தப் பயிற்சியை நானும் விற்றால் எனக்கு லாபம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த 80 சதவீதம் எல்லா விளம்பரத்திலும் வரும். யார் அளந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

பயிற்சியைப் பற்றி ஒழுங்காகச் செய்த ஆய்வு ஒன்று 2001இல் வந்தது. ஆஸ்திரேலியாவில் அபர்நெதியும் வுட்டும் செய்தது. 40 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவுக்கு அப்போது சந்தையில் இருந்த இரண்டு கண் பயிற்சிகள். மூன்றாவது குழுவுக்கு டென்னிஸ் பற்றி வாசிக்கக் கொடுத்தார்கள். நான்காவது குழுவுக்கு அதுவும் இல்லை, வழக்கமான ஆட்டப் பயிற்சி மட்டும். நான்கு வாரம் கழித்து டென்னிஸ் ஃபோர்ஹேண்ட் அடிக்கச் சொல்லிப் பார்த்தால், கண் பயிற்சி எடுத்தவர்கள் மற்றவர்களை விட ஒரு படிகூட மேலே இல்லை. சோதனைகளில் எல்லோரும் கொஞ்சம் முன்னேறினார்கள், ஏனென்றால் அதே சோதனையை இரண்டாம் முறை செய்தார்கள். அவ்வளவுதான்.

நெட்பவுலர்:
ரெட்டினா சார், 2001 ஆய்வை வைத்து இன்னும் எத்தனை காலம் ஓட்டுவீர்கள்? அப்போது ஸ்ட்ரோப் கண்ணாடியே சந்தையில் கிடையாது. நான் 16 வயதுக்குட்பட்டோர் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன், கண் முன்னால் பார்த்ததைச் சொல்கிறேன்.

சின்சினாட்டி பல்கலைக்கழக பேஸ்பால் அணி கண் பயிற்சி எடுத்த வருடம் அணியின் பேட்டிங் சராசரி (அடிக்க வந்த முறைகளில் எத்தனை பங்கு சரியாக அடித்தார்கள் என்ற கணக்கு) .251இலிருந்து .285க்கு ஏறியது. 2012இல் வெளியான ஆய்வு. 2014இல் கலிபோர்னியா, ரிவர்சைட் பல்கலைக்கழகத்தில் 19 வீரர்களுக்குத் திரைப் பயிற்சி கொடுத்ததில் பார்வைக் கூர்மை சராசரியாக 31 சதவீதம் கூடியது, பந்தை அடிக்க முடியாமல் ‘ஸ்ட்ரைக் அவுட்’ ஆவது குறைந்தது. ரக்பியில் ஷெரில் கால்டர் கண் பயிற்சி கொடுத்த இங்கிலாந்து 2003இலும் தென்னாப்பிரிக்கா 2007இலும் உலகக் கோப்பை வாங்கின. இதெல்லாம் சும்மாவா?

புள்ளிவிவரம்:
ரக்பி: காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அந்த அணிகளுக்கு உடற்பயிற்சி, உணவு, உத்தி என்று வேறு ஆட்களும் இருந்தார்கள்.

சின்சினாட்டி: பயிற்சி எடுக்காத ஒப்பீட்டுக் குழு அணிக்குள் இல்லை. லீக்கின் மற்ற அணிகளோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் நடுவே கல்லூரி அணியில் ஆட்களே மாறிவிடுவார்கள். ரிவர்சைட்: பயிற்சி எடுத்தவர்கள் அடிப்பவர்கள், எடுக்காதவர்கள் பந்து வீசும் பிட்சர்கள். சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை.

நெட்பவுலர்:
சரி, குலுக்கிப் பிரித்ததையே தருகிறேன். 2020இல் கல்லூரி பேஸ்பால் வீரர்களை வைத்து நடந்த ஆய்வு. ஒரு பாதிக்கு உண்மையான பயிற்சி, இன்னொரு பாதிக்குப் போலிப் பயிற்சி. உண்மையான பயிற்சி எடுத்தவர்கள் பேட்டிங் பயிற்சியில் பந்தை இன்னும் தூரம் அடித்தார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ரெட்டினா:
நல்ல ஆய்வுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்களே சொன்ன வார்த்தையைப் பாருங்கள்: பேட்டிங் பயிற்சியில். எதிரணி பவுலர் ஏமாற்றப் பார்க்கும் ஆட்டத்தில் அது ஓட்டமாக மாறுமா என்பது வேறு கேள்வி.

என் வாதம் இன்னும் அடியில் இருக்கிறது. மட்டையாளர் பந்தைக் கண்ணால் “பார்த்து” அடிக்கிறார் என்ற நம்பிக்கையே பாதிதான் சரி. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து கையை விட்டு மட்டைக்கு வர அரை வினாடிதான். 1987இல் பீட்டர் மெக்லியாட் ஒரு வேலை செய்தார். விரிப்புக்கு அடியில் மரக் குச்சிகளைப் பதித்து வைத்து, பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாதபடி செய்தார். சர்வதேச வீரர்களை அதில் ஆட விட்டார். பந்து பிட்ச் ஆகித் திரும்பியதற்குப் பிறகு மட்டையைத் திருத்த அவர்களுக்கும் சுமார் 200 மில்லி வினாடி தேவைப்பட்டது. தெருவில் போகிற சாதாரண ஆளுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! ஆக உலகத்தரத்து வீரரிடம் வேகமான கண் என்று ஒன்று தனியாக இல்லை.

அப்புறம் 2000இல் மைக்கேல் லேண்டும் அதே மெக்லியாடும் மூன்று மட்டையாளர்களின் தலையில் கண் அசைவைப் பதியும் கேமராவை மாட்டினார்கள். பந்தைக் கடைசிவரை ஒருவரும் தொடரவில்லை. கையை விட்டுப் பந்து வரும்போது பார்க்கிறார்கள், பிறகு பந்து எங்கே விழும் என்று கணித்து அந்த இடத்துக்குக் கண்ணைத் தாவ விட்டு அங்கே காத்திருக்கிறார்கள். நல்ல மட்டையாளருடைய கண் சீக்கிரம் தாவியது, சுமாரானவருடையது தாமதமாக. வித்தியாசம் விழித்திரையில் இல்லை, கணிப்பில். அந்தக் கணிப்பு டேப்லெட் புள்ளியைத் துரத்தி வராது. ஆயிரக்கணக்கான பந்துகளைச் சந்தித்து வருவது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டேவிட் மான் என்பவரும் சகாக்களும் திறமையான மட்டையாளர்களுக்கு வேண்டுமென்றே பார்வையை மங்கலாக்கும் கான்டாக்ட் லென்ஸ் போட்டுவிட்டு, நிஜ பவுலர்களை வீசச் சொன்னார்கள். +1, +2, +3 டையாப்டர் (லென்ஸ் பவரின் அலகு). மிதவேகத்துக்கு +3 வரை போன பிறகுதான் ஆட்டம் குறிப்பிடத்தக்க அளவு கெட்டது. வேகம் கூடியபோது +2லேயே கெட்டது. +3 என்றால் எதிரே வருபவரின் முகம் தெரியாது!

நெட்பவுலர்:
அப்படியானால் அமெரிக்காவின் முன்னணி பேஸ்பால் வீரர்களுக்கு ஏன் கழுகுக் கண்? லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அமைப்பில் நான்கு வருடம் 387 வீரர்களைச் சோதித்து 1996இல் வெளியிட்டார்கள். 20 அடியில் பார்க்க வேண்டியதைச் சராசரி வீரர் அதைவிட வெகுதூரத்திலிருந்தே பார்க்கிறார், அளவு கிட்டத்தட்ட 20/13, அதாவது மற்றவர் 13 அடிக்கு வந்து பார்ப்பதை இவர் 20 அடியிலிருந்தே பார்க்கிறார். நாம் 6/6 (மீட்டர் கணக்கில் 20/20) என்று மெச்சிக்கொள்வது அவர்களுக்குக் குறைபாடு.

புள்ளிவிவரம்:
கூர்மையான கண் உள்ளவர்கள் மேலே வருகிறார்கள் என்பது ஒன்று. பயிற்சி கொடுத்தால் கண் கூர்மையாகி மேலே வருவார்கள் என்பது வேறு. உயரமானவர்கள் கூடைப்பந்து ஆடுகிறார்கள், கூடைப்பந்து ஆடி உயரமாகவில்லை.

எதிர் உதாரணமும் இருக்கிறது. தென்கொரிய வில்வித்தை வீரர் இம் டோங் ஹியூன். இடது கண் 6/60 (மற்றவர் 60 மீட்டரில் பார்ப்பதை 6 மீட்டருக்கு வந்துதான் பார்க்க முடியும்), வலது கண் 6/30 என்ற அளவில். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தரவரிசைச் சுற்றில் 720க்கு 699 எடுத்து உலக சாதனை. வண்ணக் கலங்கலாகத் தெரியும் இலக்கைப் பார்த்து!

பழையகீப்பர்:
வில்வித்தையில் இலக்கு நகராதே அய்யா. நம்ம ஆட்டத்துக்கே உதாரணம் இருக்கும்போது கொரியா வரை எதற்கு? மன்சூர் அலி கான் பட்டோடி. 1961 ஜூலையில் கார் விபத்தில் வலது கண் பார்வை போயிற்று. டிசம்பரில் டெஸ்ட் அறிமுகம். 21 வயதில் இந்திய கேப்டன். 46 டெஸ்ட், 2793 ரன், 6 சதம். ஒற்றைக் கண்ணோடு.

நெட்பவுலர்:
கீப்பர் அண்ணே, காலின் மில்பர்னை மறந்துவிட்டீர்கள். இங்கிலாந்தின் அதிரடி ஆட்டக்காரர். 1969இல் அவரும் கார் விபத்தில் இடது கண்ணை இழந்தார். 1973இல் கவுண்டி ஆட்டத்துக்குத் திரும்பி வந்தார், பழையபடி ஆட முடியவில்லை. ஜெயித்தவரை மட்டும் நினைவு வைத்துக்கொண்டு ‘கண் முக்கியமில்லை’ என்றால் எப்படி? வென்றவர்களின் பெயர்தானே நமக்குத் தெரியும்.

பழையகீப்பர்:
நெத்தியடி. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் நீங்கள் எல்லோரும் கண்ணைக் கூர்மையாக்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். கண்ணைக் காப்பாற்றுவதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. கல்லூரியில் ஸ்டம்புக்கு ஒட்டி நின்று கீப்பிங் செய்தபோது பந்து மட்டை விளிம்பில் பட்டு என் கண்ணுக்கு வந்தது. கண்ணுக்குள் ரத்தம் தேங்கிவிட்டது. படுக்கையில் தலையை உயர்த்தி வைத்துப் பல நாள் கிடந்தேன். பார்வை திரும்பியது. ஆனால் கண்ணீர் அழுத்தம் பார்க்க வருடா வருடம் போக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இன்றுவரை போகிறேன்.

இந்திய வீரர் சபா கரீமின் ஆட்டம் சீக்கிரம் முடியக் காரணம் 2000இல் டாக்காவில் கண்ணில் பட்ட அடி. கும்ப்ளே பந்து. தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சர் 2012இல் இங்கிலாந்தின் டான்டனில், ஸ்டம்பின் மேலிருக்கும் பெயில் கட்டை பறந்து வந்து கண்ணில் பட்டு ஓய்வு. இருவரும் கீப்பர்கள், இருவரும் சுழலுக்கு ஸ்டம்புக்கு அருகே நின்றவர்கள்.

ரெட்டினா:
கண் அழுத்தம் என்று திருத்திக்கொள்ளுங்கள், கண்ணீர் அழுத்தம் இல்லை :) ஆனால் டாக்டர் சொன்னது முழுக்கச் சரி. அப்படி அடிபட்ட கண்ணில் உள்நீர் வடியும் கோணம் கிழிந்திருந்தால், வலியே இல்லாமல் பல வருடம் கழித்துக்கூட கிளாக்கோமா (பார்வையை மெல்லப் பறிக்கும் கண் அழுத்த நோய்) வரலாம். ‘பார்வை வந்துவிட்டதே’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

இந்தத் துறையில் சந்தேகமே இல்லாத ஆய்வு என்றால் பாதுகாப்புக் கண்ணாடி பற்றியதுதான். கனடாவில் 1974-75 ஐஸ் ஹாக்கி பருவத்தில் மட்டும் 43 கண்கள் பார்வை இழந்தன. டாம் பாஷ்பி என்ற கண் மருத்துவர் எண்ணிக் காட்டினார், முகக்கவசம் கட்டாயமானது, அந்த எண்ணிக்கை சரிந்தது. அமெரிக்கப் பள்ளிப் பெண்கள் ஹாக்கியில் 2011இல் கண்ணாடி கட்டாயமாக்கியபோது, “தைரியம் கூடி முரட்டுத்தனமாக ஆடுவார்கள், தலையில் அடிபடுவது அதிகமாகும்” என்றார்கள். கண் காயம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. தலைக்காயம் கூடவில்லை.

நெட்பவுலர்:
பிள்ளைகள் போட மாட்டார்கள் சார். வியர்வையில் பனி படியும், பக்கவாட்டில் தெரியாது என்பார்கள்.

பழையகீப்பர்:
ஹெல்மெட்டுக்கும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னோம் தம்பி.

ரெட்டினா:
ஒரு எச்சரிக்கை: வீட்டில் போடும் சாதாரண பவர் கண்ணாடியோடு ஆடுவது பாதுகாப்பு ஆகாது. உடைந்தால் சில்லு கண்ணுக்குள் போகும். எளிதில் உடையாத பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட் வேண்டும். ஸ்குவாஷ் ஆடுகிறவர்கள் இதை இரண்டு முறை வாசியுங்கள், அந்தப் பந்து கண்குழிக்குள் அளவெடுத்ததுபோல் நுழையும். ஹெல்மெட் கம்பிக்கு நடுவிலும் பந்து நுழையலாம். கிரெய்க் கீஸ்வெட்டருக்கு 2014இல் அப்படித்தான் மூக்கும் கண்குழியும் உடைந்தன. பிரிட்டிஷ் தரம் 2013இல் மாறியபோது ஆண்கள் பந்து, சிறுவர் பந்து இரண்டுக்கும் தனித்தனியாகச் சோதனை வைத்தது அதனால்தான் முக்கியம். சிறிய பந்து நுழைய சிறிய இடைவெளி போதும்.

வெயில்குருவி:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். குழந்தையை எட்டு வாரம் அறைக்குள் உட்கார்த்தி டேப்லெட் காட்டிக் ‘கண் பயிற்சி’ என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. சீனாவின் குவாங்சோவில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை புதிதாக வந்தவர்கள் 30.4 சதவீதம், வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5. சிட்னியில் அதற்கு முன் 2008இல் பார்த்தது இன்னும் சுவாரசியம்: பலன் விளையாட்டால் அல்ல, வெளியே இருந்ததால். உள்ளரங்கில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

நெட்பவுலர்:
இதை ஏற்கிறேன். நானும் டேப்லெட்காரன் இல்லை. ஸ்ட்ரோப் கண்ணாடியை நெட்டில், நிஜப் பந்தோடு, நிஜ பவுலரோடு மட்டும்தான் போடச் சொல்கிறேன். பவுலர் பந்தை விடும் நொடியில் வீடியோவை நிறுத்தி “எங்கே விழும் சொல்” என்று கேட்பேன். ரெட்டினா சார் சொன்ன கணிப்புப் பயிற்சி அதுதானே?

ரெட்டினா:
அதற்கு நான் எதிரியே இல்லை. அதைக் கண் பயிற்சி என்று பெயர் வைத்து விற்பதற்குத்தான் எதிரி.

கேள்விக்குறி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மகளைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். வலது கண் சரியாக இருக்கிறது, இடது கண்ணில் -1.25. இவள் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு கண்ணை மூடிப் பார்த்திருந்தால்தானே தெரியும்.

நெட்பவுலர்:
ரெட்டினா சார், மங்கலாக இருந்தாலும் ஆடலாம் என்று உங்கள் லென்ஸ் ஆய்வு சொன்னதே. 1.25தானே, கண்ணாடி எதற்கு? :)

ரெட்டினா:
நன்றாக மாட்டிவிட்டீர்கள். பதில் இருக்கிறது. அவர்கள் வளர்ந்த ஆட்டக்காரர்கள், அன்று ஒரு நாள் மட்டும், இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவு மங்கல். இங்கே 13 வயது, ஒரு கண் மட்டும், அதுவும் கிட்டப்பார்வை இந்த வயதில் ஏறிக்கொண்டே போகும். இரண்டு கண்ணும் ஒத்துழைக்காவிட்டால் ஆழம் தெரிவதில் சிக்கல். தவிர, அவள் வாழ்க்கையில் கிரிக்கெட் மட்டும் இல்லையே, பள்ளியில் கரும்பலகையும் இருக்கிறது. கண்ணாடி போடுங்கள். ஆட்டத்துக்கென்று தனியாகப் பாலிகார்பனேட்டில் கேளுங்கள்.

பழையகீப்பர்:
ஹெல்மெட் கம்பியைப் பார்த்தீர்களா?

கேள்விக்குறி:
நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு அவள் ஆடும் பந்தையே கம்பி இடைவெளியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். கொஞ்சம் முனகிவிட்டு உள்ளே போய்விட்டது. எட்டு வாரப் பயிற்சிக்கு எடுத்து வைத்த பணத்தில் முதலில் அதை மாற்றுகிறேன்.