பொம்மைக் காரின் கூரையில் பீரங்கி நிற்க மறுக்கிறது: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். உலகப் பேரழிவுக்குப் பிந்தைய காலத்தைக் களமாகக் கொண்ட மேசை விளையாட்டுக்காக, ஏறத்தாழ 1:64 அளவிலான உலோகப் பொம்மைக் கார்களைப் போர் வண்டிகளாக மாற்றி வருகிறேன். அடிப்பாகத்து ரிவெட்டுகளை 4 மி.மீ. டிரில் பிட்டால் குடைந்து, உடலையும் அடித்தட்டையும் பிரித்து, சன்னல்களில் கொசுவலைத் துண்டுகளை ஒட்டும் வரை எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால், தீர்ந்துபோன பேனா ரீஃபிலை நறுக்கிச் செய்த பீரங்கிக் குழலைச் சூப்பர் குளூ கொண்டு கூரையில் ஒட்டினால், ஆட்டத்தின் நடுவே இரண்டு முறை கை பட்டதுமே, அடியிலுள்ள வண்ணப்பூச்சையும் பெயர்த்துக்கொண்டு அது விழுந்துவிடுகிறது (எதிராளி சுடாமலேயே ஆயுதம் இழப்பவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்). வண்ணம் முழுவதையும் உரித்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டுமா, அல்லது ஒட்டும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, 1 மி.மீ. துளையில் கம்பியைச் செருகி எபாக்சிப் பசை இட்டால் போதுமா? செய்து பார்த்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.