கார்டு புரூஃப் – 5 மணிக்குள்ள பாத்துச் சொல்லுங்க

கார்த்தி: ரிசப்ஷன் கார்டு புரூஃப் வந்துருச்சு. 300 அடிக்கறோம். 5 மணிக்குள்ள ஓகே சொல்லணும்

[போட்டோ]

வசந்தி சித்தி: நல்லாருக்கு. நம்ம பக்கத்துப் பேரெல்லாம் ஏன் இவ்ளோ பொடி எழுத்து?

பெரியப்பா: கார்த்தி, ஓகே சொல்லிடாதே. கடைசி வரி பாரு. 'ப்ளீஸ் சோஸ் யுவர் மீல்'. தேர்ந்தெடுங்கற சூஸ்னா ரெண்டு ஓ. ஒரு ஓ போட்டா இறந்தகாலம் ஆயிடும்

சேகர் மாமா: சைவமா அசைவமான்னு டிக் அடிக்கத்தானே. புரியும் விடுங்க

பெரியப்பா: புரியும். ஆனா தப்பு தப்புதான். 'தொலை'ங்கற லூஸுக்கு ஒரே ஓ, அதையும் ஊன்னுதான் சொல்றோம். அந்தக் கைப்பழக்கம் இங்க வந்துடுது. ஸ்பெல் செக்கும் பிடிக்காது, சோஸும் சரியான வார்த்தையாச்சே

திவ்யா: 😂😂

வசந்தி சித்தி: ஓ கிடக்கட்டும். சமையல்காரர்கிட்ட ருசி பாக்கப் போனப்ப எங்களை யாரும் கூப்பிடலையே

பெரியப்பா: வசந்தி, சூஸ்ங்கற அந்த வார்த்தையே ருசி பாக்கறதுல வந்ததுதான்! பழைய இங்கிலீஷ்ல 'சேயோசன்'. அதுக்கும் முந்தின வேர் 'கெயுஸ்', ருசி பார், சோதி. லத்தீன்ல அதே வேர்தான் 'குஸ்தாரே', சுவைக்கிறது. சமஸ்கிருதத்துல 'ஜுஷ்', விரும்பி அனுபவிக்கிறது

சேகர் மாமா: ஜோஷ்?

பெரியப்பா: அது பாரசீகம். கொதிக்கறது. சம்பந்தமில்ல

திவ்யா: அப்ப அருவருப்புங்கற டிஸ்கஸ்ட்?

பெரியப்பா: சபாஷ். அது சொந்தம். லத்தீன் குஸ்துஸ்ல இருந்து பிரெஞ்சு வழியா வந்தது

திவ்யா: அதான் போன கல்யாணத்து ரசம்

வசந்தி சித்தி: யாரைச் சொல்றே

சேகர் மாமா: ஆரம்பிச்சாச்சு

கார்த்தி: மணி 4:20. சாய்ஸ்ல மட்டும் ஏன் ஒரே ஓ?

பெரியப்பா: சாய்ஸ் நேரா வரலப்பா. ஜெர்மானியச் சொல் பிரெஞ்சுக்குப் போய் 'ஷ்வாசீர்' ஆச்சு. அங்கேர்ந்து பெயர்ச்சொல் மட்டும் இங்கிலீஷுக்கு வந்துச்சு. வினை உள்ளூர், பெயர் வெளியூர் சுத்தின சரக்கு. எழுத்தும் ரொம்ப நாள் நிலையா இல்ல. 1787 அமெரிக்க அரசியல் சாசனத்துல ஓவே கிடையாது, யூ போட்டு 'சூஸ்'. ஜெர்மன்ல ராஜாவைத் தேர்ந்தெடுத்தவங்க பேரு 'கூர்ஃபூர்ஸ்ட்'. அந்தக் 'கூர்' இதே வேர்தான். பேரரசர் போட்ட 1356 ஆணைப்படி மொத்தம் 7 பேர்

சேகர் மாமா: 7 பேர் ராஜாவையே முடிவு பண்ணிருக்காங்க. இங்க 22 பேர், ரசமே முடிவாகல

வசந்தி சித்தி: அசைவத்துல என்ன போடறாங்க? எனக்கு யாரும் சொல்லல

கார்த்தி: பெரியப்பா 4:51. சுருக்கமா சொல்லுங்க

பெரியப்பா: ரெண்டு ஓ. கடைசியில எஸ், ஈ. வாயில சொல்லிட்டு விட்டுடாதே, எழுதி அனுப்பு

கார்த்தி: அனுப்பிட்டேன். பேரையும் பெருசு பண்ணச் சொல்லவா? அப்ப முகவரி ரெண்டாம் பக்கம் போயிடும்

வசந்தி சித்தி: எங்களை ஏன் கேக்கறே. உங்க இஷ்டம்

சேகர் மாமா: 👍

கார்த்தி: மாமா எதுக்கு 👍?