அமெரிக்கா வரி போட்ட ஆவணி: நம்ம இறால் குட்டைகளில் என்ன நடந்தது?

சீர்காழி பக்கத்திலிருந்து

இந்தியச் சரக்கு மேல் அமெரிக்கா போட்ட வரி, 2025 ஆகஸ்ட் 7-ல் 25 சதவீதம், 27-ல் இன்னொரு 25. இறாலை மலிவாகக் கொண்டுவந்து குவிக்கிறோம் என்று போட்ட பொருள்குவிப்புத் தடுப்பு வரியும், அரசு மானியம் வாங்குகிறோம் என்று போட்ட மானிய எதிர்ப்பு வரியும் ஏற்கெனவே இருந்தன. போட்டிக்கு நிற்கும் ஈக்வடாருக்கு அப்போது 15 தான். இந்தியா ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை அந்த இரண்டாவது 25; அது நாங்கள் வளர்க்கும் வனாமி இறால் மேல் வந்து விழுந்தது.

அப்போது எங்கள் குட்டையில் 40 கவுண்ட், அதாவது கிலோவுக்கு 40 இறால். எண்ணிக்கை குறைந்தால் இறால் பெரிசு; 30-க்குக் கொண்டுபோனால் நல்ல ரேட் என்று விட்டுவைத்திருந்தோம். வரிச் செய்தி வந்ததும் ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை. பிறகு எடுத்து, "பெரிய இறால் இப்ப வேண்டாங்குறாங்கண்ணே, அதெல்லாம் அமெரிக்காவுக்குப் போற சரக்கு" என்றார்.

வரி கட்டுவது என்னவோ அங்கே இறக்குமதி செய்பவர். அவர் ஏற்றுமதியாளரிடம் குறைப்பார், அவர் ஏஜென்டிடம், ஏஜென்ட் நம்மிடம். நமக்குக் கீழே குறைக்க யாருமில்லை. தீவனமும் கடனில் வாங்கியது, கடன் கொடுத்தவர்தான் இறாலையும் எடுப்பவர்.

நெல் என்றால் மூட்டை கட்டி அடுக்கி வைக்கலாம். இறாலுக்கு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓடணும், நாலு வேளை தீவனம் போடணும். தீவனம் தின்கிறதா என்று பார்க்கக் குட்டையில் இறக்கும் செக் ட்ரே தட்டைத் தூக்கினால் ஒரு துணுக்கு மிச்சமில்லை, நன்றாகத் தின்கிறது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் வயிறு எரிந்தது. ஐப்பசி மழை இறங்கினால் தண்ணீரில் உப்பு குறையும், நோய் பயம் வேறு. புரட்டாசியிலேயே கேட்ட ரேட்டுக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டோம்.

வேதாரண்யத்திலிருந்து

தம்பி, எங்களுக்கு இது முதல் அடி இல்லை. 2003 கடைசியில் அமெரிக்க இறால் மீனவர்கள், மலிவு விலைக்கு இறாலைக் குவிக்கிறார்கள் என்று இந்தியா உட்பட ஆறு நாடுகள் மேல் புகார் கொடுத்தார்கள். 2004 டிசம்பர் சுனாமியில் நாகை பக்கம் குட்டைக் கரைகள் உடைந்துபோயின. அந்தச் சேறு காயும் முன்னே, 2005 பிப்ரவரியில் பொருள்குவிப்புத் தடுப்பு வரி உத்தரவு! நமக்கு 10 சதவீதத்துக்குச் சற்று மேல். அன்று வளர்த்தது டைகர் இறால். 2009-க்குப் பிறகு வனாமி வந்தது, நாமும் ஒரே நாட்டை நம்பிக் குட்டை மேல் குட்டை வெட்டினோம். என் வருத்தமெல்லாம் அதுதான்.

தரங்கம்பாடியிலிருந்து

அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு. ஒரு குட்டையில் இந்த வருஷம் இறாலுக்குப் பதில் கொடுவா மீன் விட்டிருக்கிறேன். சீர்காழிக்குப் பக்கத்தில் தொடுவாயிலேயே ராஜீவ் காந்தி மீன்வளர்ப்பு மையத்தின் கொடுவாக் குஞ்சுப் பொரிப்பகம் இருக்கிறது. இறாலைவிட நாள் அதிகம் பிடிக்கும், பெரிசும் சிறிசும் தரம் பிரிக்காவிட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆனால் இதை நம்ம ஊர்க்காரனே வாங்கிச் சாப்பிடுகிறான். கொடுவா வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் தீவனச் செலவு பற்றிக் கொஞ்சம் எழுதுங்கள்.